களைக்கொல்லி தாங்கும் விதையா, பயிர் சுழற்சியா? மண்ணில் மிஞ்சும் களை விதையை வைத்து ஓர் ஒப்பீடு

களைக்கொல்லி தாங்கும் விதையைப் போடலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் கணக்குப் பார்ப்பது களைச் செலவைத்தான். அதில் தவறே இல்லை. பெரும்பாலான பயிர்களுக்கு ஆயுளின் முதல் மூன்றில் ஒரு பங்கு களையில்லாமல் கழிந்தாக வேண்டும். அந்த நாட்களைத் தவறவிட்டால் அப்புறம் என்ன செய்தாலும் விளைச்சல் தேறாது. ‘களை பிடுங்காப் பயிர் கால் பயிர்’ என்பது அனுபவப்பட்டவர்கள் சொன்ன சொல். மழை விடாமல் பெய்து, மண் சேறாகி, ஆளும் கிடைக்காமல், களை பயிரைத் தாண்டி வளர்வதைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நின்றவரைக் கேளுங்கள். பயிரின் தலைக்கு மேலேயே மருந்தடித்துக் களையை மட்டும் சாகடிக்கலாம் என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவர் சொல்வார்.

ஆனாலும் ஒரு பருவத்துச் செலவை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அறுவடை முடிந்த பிறகு மண்ணுக்குள் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். விளைநிலத்தில் ஒரு சதுர மீட்டர் மண்ணில் சில ஆயிரம் களை விதைகள் உறங்கிக் கிடப்பது சாதாரணம். அந்த இருப்பு எவ்வளவு, அதில் எத்தனை வகை என்ற இரண்டும்தான் அடுத்த பத்து ஆண்டுச் செலவைத் தீர்மானிக்கின்றன. பத்து வகைக் களை கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் பயிர் தாக்குப்பிடிக்கும். பூச்சிக்கும் பறவைக்கும் இரை கிடைக்கும். ஒரே வகை லட்சக்கணக்கில் கிடந்தால் பயிரும் கெடும், பூச்சிக்கும் வழியிருக்காது. கீழே வரும் வழிகளை இந்தக் கணக்கில்தான் எடைபோடுகிறேன்.

பயிர் எப்படித் தாங்குகிறது

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி 1974இல் சந்தைக்கு வந்தது. செடிகள் சில அமினோ அமிலங்களைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அந்தத் தயாரிப்பில் ஈபிஎஸ்பிஎஸ் என்ற நொதி ஒரு கண்ணி. கிளைபோசேட் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடும். பச்சையாக இருப்பது ஏறக்குறைய எல்லாமே காயும். அதனால் பல ஆண்டுகள் அதை விதைப்புக்கு முன்னாலோ, தோட்டத்தில் மரங்களுக்கு நடுவிலோதான் அடிக்க முடிந்தது. பிறகு, கிளைபோசேட் தயாரிக்கும் ஆலையின் கழிவில் சுகமாக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு பாக்டீரியா கண்ணில் பட்டது. அதனிடம் இருந்த நொதியில் கிளைபோசேட் ஒட்டவில்லை. அந்த நொதிக்கான மரபணுவை வைத்து உருவாக்கிய சோயா 1996இல் அமெரிக்காவில் விதைப்புக்கு வந்தது. இன்று அந்த நாட்டின் சோயா பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஏதாவது ஒரு களைக்கொல்லியைத் தாங்கும் ரகம்தான்.

குளுஃபோசினேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்களுக்கு மரபணு வந்தது வேறொரு மண் பாக்டீரியாவிடமிருந்து. டைகாம்பா, 2,4-டி என்ற களைக்கொல்லிகளைத் தாங்கும் பயிர்களிலும் பாக்டீரியா மரபணுக்கள்தான். அவை மருந்தைச் சிதைத்துவிடுகின்றன. இமிடாசோலினோன் வகைக் களைக்கொல்லியைத் தாங்கும் நெல், கோதுமை, சூரியகாந்தி ஆகியவற்றில் வெளி மரபணு எதுவும் இல்லை. இயல்பாகவோ தூண்டப்பட்டோ ஏற்பட்ட மரபுமாற்றத்தைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியவை அவை. இந்த வேறுபாடு சட்டத்துக்கு முக்கியம். வயலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

ஒரே மருந்தைத் தாங்கும் விதை

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையான நல்லது. களைக்காக உழவேண்டிய தேவை குறைந்தது. உழாத மண்ணில் பழைய பயிரின் தாள் மேலே போர்வை போலக் கிடக்கும், மழைத்துளி நேராக மண்ணில் அடிக்காது, மேல்மண் ஓடைக்குப் போகாது, டீசலும் மிச்சம். அர்ஜென்டினாவிலும் அமெரிக்காவிலும் உழவில்லா விதைப்பு இந்தப் பயிர்களோடு சேர்ந்தே பரவியது. அந்த முறை அதற்கு முன்பே வளரத் தொடங்கியிருந்தது என்றாலும், இந்த விதை அதை எளிதாக்கியது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2010இல் வெளியிட்ட அறிக்கை, இப்பயிர்களால் கிடைத்த சுற்றுச்சூழல் நன்மைகளில் பெரியது நீரின் தரம் மேம்பட்டதாக இருக்கக்கூடும் என்று கருதியது. அதே அறிக்கை, ஒரே மருந்தை நம்பியிருப்பது அந்த நன்மையைக் கரைத்துவிடும் என்றும் எச்சரித்தது.

அப்படியேதான் நடந்தது. 2000ஆம் ஆண்டிலேயே டெலாவேர் மாநிலத்தில், கிளைபோசேட் தாங்கும் சோயா வயலில் ஹார்ஸ்வீட் என்ற களை சாகாமல் நின்றது. அங்கே மூன்று ஆண்டுகள்தான் கிளைபோசேட்டை மட்டும் நம்பியிருந்தார்கள். 2004-05இல் ஜார்ஜியாவின் பருத்தி வயல்களில் பால்மர் அமராந்த் என்ற களையின் முறை வந்தது.

இந்தச் செடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முளைக்கீரைக் குடும்பம். விதை கடுகைவிடச் சின்னது, கறுப்பாக மினுங்கும். சூடும் வெளிச்சமும் கிடைத்தால் ஒரு நாளில் 5 சென்டிமீட்டர் வளரும். மருந்து சரியாகப் பிடிக்க வேண்டுமானால் செடி 10 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும். திங்கட்கிழமை சரியான உயரத்தில் இருந்தது வியாழக்கிழமை கைமீறிப் போயிருக்கும். இடையில் இரண்டு நாள் காற்றடித்தால் தெளிக்க முடியாது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் போகும். அதனால் பக்கத்து வயலில் தப்பிய ஓர் ஆண் செடியின் எதிர்ப்புத்தன்மை உங்கள் வயலின் விதையில் ஏறிவிடும். போட்டியில்லாத இடத்தில் ஒரு பெண் செடி 5 லட்சம் விதை வரை கொட்டும்.

அது கிளைபோசேட்டை எப்படித் தாங்குகிறது என்று ஆராய்ந்தவர்கள் திகைத்துத்தான் போனார்கள். அந்த நொதி மாறவே இல்லை. நொதிக்கான மரபணுவைச் செடி பலமடங்கு நகலெடுத்து வைத்திருந்தது. சாதாரணச் செடியில் இருப்பதைவிட 5 மடங்கிலிருந்து 160 மடங்குக்கு மேல் வரை நகல்கள். மருந்து எவ்வளவு நொதியை அடைத்தாலும் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். பயிருக்குள் மனிதர் பல ஆண்டு ஆய்வில் கொண்டுவந்த திறனை, களை பத்து ஆண்டுக்குள் தன் வழியில் உண்டாக்கிக்கொண்டது. விளைவு, ஆட்களைத் தேடி மறுபடியும் கைக்களை எடுக்க வேண்டிய நிலை. பெரும் பரப்பில் எடுத்தார்கள். விட்ட ஏரையும் மறுபடி பூட்டினார்கள். உழவைக் குறைத்துக் காத்த மண் மீண்டும் புரண்டது.

மருந்தின் மொத்த அளவு கூடியதா குறைந்ததா என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை. அமெரிக்க வேளாண் ஆய்வாளர் சார்லஸ் பென்புரூக் 2012இல் போட்ட கணக்கில், 1996 முதல் 2011 வரை இந்தப் பயிர்களால் அமெரிக்காவில் களைக்கொல்லிப் பயன்பாடு 23.9 கோடி கிலோ கூடியது. முதல் சில ஆண்டுகள் குறைந்து, களைகள் எதிர்ப்புப் பெறப் பெற ஏறியதுதான் அதன் போக்கு. வேறு சிலர், கிலோவை மட்டும் எண்ணுவது சரியல்ல, ஒவ்வொரு மருந்தின் நச்சுத்தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அப்படிப் பார்த்தால் பாதிப்பு குறைந்திருக்கிறது என்கிறார்கள். கிலோ மட்டும் போதாது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நச்சு குறைந்த மருந்தின் பலன் அந்த மருந்து வேலை செய்கிறவரைதான். அது பலிக்காமல் போனதும் பழைய மருந்துகள் அதன் மேலேயே வந்து சேருகின்றன; அப்போது இரண்டு கணக்கும் ஒரே பக்கம்தான் சாயும்.

உடல்நலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் கிளைபோசேட்டை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கப் பெரும்பாலும் வாய்ப்புள்ளது’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. அதே ஆண்டில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு வாய்ப்பில்லை என்றது. முதலாவது, கடையில் விற்கும் கலவை மருந்துகள் மீதான ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தது. மற்றது, கலவையை விட்டுவிட்டுக் கிளைபோசேட்டை மட்டும் எடைபோட்டது. எந்த வழியைத் தேர்ந்தாலும் மருந்தைக் கலப்பவரும் அடிப்பவரும்தான் அதிகம் படுகிறார்கள். எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் உடம்பின் கணக்கும்கூட.

இரண்டு மூன்று மருந்தைத் தாங்கும் விதை

ஒன்று பலிக்காவிட்டால் இன்னொன்று என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஒரே நேரத்தில் வெவ்வேறு வழியில் கொல்லும் இரண்டு மருந்தை முழு அளவில் அடித்தால், இரண்டையும் தாங்கும் செடி கிடைப்பது அரிது. எதிர்ப்பு தாமதப்படும் என்பது உண்மைதான். ஆனால் இந்த விதைகள் பெரும்பாலும் வந்து சேருவது முதல் மருந்து ஏற்கெனவே தோற்றுவிட்ட வயலுக்கு. அங்கே இரண்டு மருந்து அடிப்பதாக நினைக்கிறோம்; உண்மையில் வேலை செய்வது ஒன்றுதான். மறுபடி அதே கதை தொடங்குகிறது. தவிர, சில களைகள் எந்த மருந்து உள்ளே வந்தாலும் சிதைக்கும் திறனைப் பெறுகின்றன. அவை அதுவரை அடித்தே இராத மருந்தையும் தாங்கி நிற்கும். அவற்றின் முன்னால் மருந்தைச் சுழற்றுவதும் உதவாது.

டைகாம்பா தாங்கும் சோயா இந்த வழியில் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று காட்டியது. டைகாம்பா அடித்த இடத்தில் நிற்காது. வெயில் ஏறினால் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாகிக் கிளம்பும். தெளித்து ஒரு நாள் கழித்துக்கூடப் பக்கத்து வயலுக்குப் போகும். அதைத் தாங்காத சோயாவின் இளம் இலைகள் ஓரம் மேலே சுருண்டு கிண்ணம் போல ஆகும். வரப்பிலிருந்து பார்த்தாலே தெரியும், ஒரு பக்கம் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாக நிற்கும். 2017இல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா இப்படிப் பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகம் மதிப்பிட்டது. பழ மரங்களும் காய்கறித் தோட்டங்களும் தனி. முந்தைய ஆண்டு ஆர்கன்சாவில் இந்த மருந்துப் பரவல் பற்றிய தகராறில் ஒரு விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார். 2020இலும் 2024இலும் நீதிமன்றங்கள் இதைப் பயிர் மேல் அடிப்பதற்கான அனுமதியை ரத்து செய்தன.

எனக்கு மனது ஒப்பாத இடம் இதுதான். அடுத்த வயல்காரர் அந்த விதையை விரும்பாவிட்டாலும், தன் பயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதையே வாங்க வேண்டியதாகிறது. ஒருவர் எடுத்த முடிவு சுற்றியிருக்கிற எல்லோருக்கும் முடிவாகிவிடுகிறது. செலவுக் கணக்குத் தாளில் இதற்கு இடமே இருப்பதில்லை.

வயலில் வாழும் மற்ற உயிர்கள்

சுற்றுச்சூழல் பாதிப்பை நேர்மையாக அளந்த முயற்சிகளில் முதலில் நினைவுக்கு வருவது பிரிட்டன் செய்த பண்ணையளவிலான சோதனை. முடிவுகள் 2003 அக்டோபரில் வெளியாயின. பீட் கிழங்கு, கோடைக்காலக் கடுகினப் பயிர், மக்காச்சோளம் என ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 60, 70 வயல்கள். ஒவ்வொரு வயலையும் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் களைக்கொல்லி தாங்கும் ரகம், மறுபாதியில் வழக்கமான ரகத்தோடு வழக்கமான மருந்து. பிறகு களை, களை விதை, வண்டு, தேனீ, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் எண்ணினார்கள்.

பீட்டிலும் கடுகினப் பயிரிலும் களைக்கொல்லி தாங்கும் பாதியில் களை குறைவு, கொட்டிய களை விதை குறைவு, வண்ணத்துப்பூச்சியும் குறைவு. மட்கு தின்னும் சிறு பூச்சிகள் மட்டும் செத்த களையைத் தின்று கூடின. மக்காச்சோளத்தில் முடிவு தலைகீழ். தாங்கும் பாதியில்தான் களையும் பூச்சியும் கூடுதல். காரணம் மறுபாதியில் இருந்தது: அங்கே பெரும்பாலும் அடிக்கப்பட்டது அட்ரசின், மண்ணில் நீண்ட நாள் நின்று கொல்லும் மருந்து. அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அட்ரசினை விலக்கவும் முடிவெடுத்தது. அதாவது எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தே பதில் மாறியது. ‘இந்தப் பயிர் நல்லதா கெட்டதா’ என்று பொதுவாகக் கேட்கும் யாரிடமும் நான் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன். பூச்சிகளுக்கு முக்கியம், அந்த வயலில் எவ்வளவு களை எவ்வளவு நாள் உயிரோடு இருக்கிறது என்பது. விதைக்குள் எந்த மரபணு இருக்கிறது என்பது அவற்றை எட்டுவதே இல்லை.

அமெரிக்க நடுமேற்கில் எருக்கங்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பால்செடி மக்காச்சோள, சோயா வயல்களுக்கு நடுவே காலங்காலமாக வளர்ந்தது. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு அந்த வகைச் செடிகளை மட்டுமே தின்னும். உழுதாலும் வேரிலிருந்து துளிர்த்துவந்த அந்தச் செடி, வேர்வரை இறங்கும் கிளைபோசேட்டுக்குத் தப்பவில்லை. 1999க்கும் 2010க்கும் இடையே அப்பகுதியில் பால்செடி 58 விழுக்காடும், அங்கே பிறக்கும் மொனார்க்குகள் 81 விழுக்காடும் குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த வண்ணத்துப்பூச்சியின் சரிவுக்குக் காடழிப்பும் வானிலையும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்று இன்னும் வாதிடுகிறார்கள். ஆனால் வயலுக்குள் அந்தச் செடி இல்லாமல் போனது யாரும் மறுக்காத உண்மை.

இங்கே என் அளவுகோலுக்கே ஒரு சிக்கல் வருகிறது. களை விதை இருப்பு குறைய வேண்டும் என்கிறேன். அந்த விதைதான் பறவைக்கும் வண்டுக்கும் தீனி. இரண்டையும் முழுதாக நிறைவேற்ற முடியாது. அதனால்தான் எத்தனை வகை என்பதை அழுத்திச் சொன்னேன். பயிரோடு கடுமையாகப் போட்டியிடும் ஒன்றிரண்டு களைகளை விதைக்க விடாமல், தீங்கில்லாத சின்னக் களைகளை ஓரளவு விட்டுவைக்கும் முறை இருந்தால் அதுதான் மேல். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் காயவைத்து, தாங்கும் ஒன்றை மட்டும் விட்டுவைக்கும் முறை இதற்கு நேர் எதிர்.

மரபணு மாற்றாத, ஆனால் மருந்து தாங்கும் ரகம்

இதைப் பாதுகாப்பான நடுவழி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இமிடாசோலினோன் தாங்கும் சூரியகாந்தி எங்கிருந்து வந்தது தெரியுமா? கான்சாஸில் அந்த வகை மருந்து தொடர்ந்து ஏழு ஆண்டுகள் அடிக்கப்பட்ட ஒரு சோயா வயலில், களையாக முளைத்த காட்டுச் சூரியகாந்தி சாகாமல் நின்றது. 1996இல் அதைக் கண்டு, அதன் திறனைப் பயிருக்குள் இனச்சேர்க்கையால் கொண்டுவந்தார்கள். அதாவது, அந்த மருந்தைத் தாங்கும் களை முதலில், பயிர் பிறகு. இந்த வகை மருந்துக்குக் களைகள் மிக எளிதாக எதிர்ப்புப் பெறும் என்பதற்கு அந்தப் பயிரின் பிறப்பே சாட்சி.

நெல்லில் நடந்ததும் இதைத்தான் சொல்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 2002இல் இந்த வகை நெல் வந்தது. களைநெல்லை ஒழிக்கத்தான் வந்தது. களைநெல்லும் நெல்லும் ஒரே இனம். நெல்லில் அயல் மகரந்தச் சேர்க்கை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழேதான். ஆனால் ஒரு வயலில் இருக்கும் கதிர்களின் எண்ணிக்கைக்கு அந்தச் சிறு விழுக்காடே போதும். சில ஆண்டுகளில் அதே மருந்தைத் தாங்கும் களைநெல் வயலில் நின்றது. மரபணு ஆய்வகத்தில் செருகப்பட்டதா, தானாக மாறியதா என்று மகரந்தம் பார்க்காது. பயிரின் நெருங்கிய உறவு வயலில் களையாக இருக்கும் இடத்தில், நெல்லும் களைநெல்லும் போல, சோளமும் ஜான்சன் புல்லும் போல, எந்த வகையில் வந்த மருந்து தாங்கும் ரகத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1998இல் தானாய் முளைத்த கனோலா என்ற எண்ணெய்வித்துச் செடிகள் கிளைபோசேட், குளுஃபோசினேட், இமிடாசோலினோன் மூன்றையும் தாங்கின. மூன்று ரகங்களும் அக்கம்பக்கத்தில் விதைக்கப்பட்டு, யாரும் திட்டமிடாமல் தேனீயும் காற்றும் ஒன்று சேர்த்துவிட்டன. அவற்றை 2,4-டி கொன்றது என்பதையும் சொல்ல வேண்டும். பெருங்கேடு நேரவில்லை, ஆனால் மருந்தைக் குறைக்க வந்த பயிருக்காகக் கூடுதலாக ஒரு மருந்து அடிக்க வேண்டியதாயிற்று.

சாதாரண விதையும் வழக்கமான மருந்தும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விதையை எடுத்துவைத்து மறுபடி விதைக்கத் தடையில்லை. தாங்கும் ரகங்களுக்குப் பெரும்பாலும் காப்புரிமையும் ஒப்பந்தமும் உண்டு. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இல் ஒரு கனோலா விவசாயியின் வழக்கில் காப்புரிமை பெற்ற மரபணு உள்ள செடியை வளர்ப்பதே மீறல் என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் மருந்து எதிர்ப்பு என்ற சிக்கலுக்கு இந்த வழியும் விலக்கல்ல. கிளைபோசேட்டைத் தாங்கும் முதல் களையான ரைகிராஸ் 1996இல் தெரியவந்தது ஆஸ்திரேலியாவில். அங்கே அப்போது மருந்து தாங்கும் மரபணுப் பயிரே இல்லை. அட்ரசின் போன்றவை நிலத்தடி நீரில் இறங்குவதும் இந்த வழியின் குறைதான். புதிய கொல்லும் வழியோடு ஒரு மருந்து வருவது மிக அரிதாகிவிட்ட நிலையில், பெட்டியில் இருப்பது இவ்வளவுதான் என்று நினைத்துச் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

பயிரை மாற்றிப் போடுவது

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் இதன் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்ஸ்டன் பண்ணையில் மூன்று முறைகளை ஆண்டுக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று, மக்காச்சோளம், சோயா என்ற வழக்கமான இரண்டாண்டுச் சுழற்சி. இன்னொன்றில் மூன்றாவது ஆண்டு ஒரு சிறுதானியமும் அதனோடு தீவனப் பயறும். மற்றொன்றில் நான்காவது ஆண்டும் குதிரைமசால். நீண்ட சுழற்சிகளில் எரு போட்டு, உரத்தையும் மருந்தையும் வெகுவாகக் குறைத்தார்கள். வரிசை மேல் பட்டையாக மட்டும் மருந்து, வரிசைக்கு நடுவில் கொத்திவிடும் கருவி. 2003 முதல் 2011 வரையிலான முடிவுகளில் விளைச்சல் குறையவில்லை, லாபம் ஏறக்குறைய சமம், களை கட்டுக்குள். மருந்தால் நீர்நிலைக்கு நேரக்கூடிய நச்சு சுமார் 200 மடங்கு குறைவு.

ஏன் பலிக்கிறது? கோடையில் முளைக்கும் களை, குளிர்காலத்தில் விதைத்துச் சீக்கிரம் மூடிவிடும் பயிருக்குள் மாட்டிக்கொண்டால் விதைக்க நேரமே கிடைக்காது. குதிரைமசாலை ஆண்டுக்குப் பலமுறை அறுக்கும்போது களையின் தலையும் சேர்ந்து போகும். நிலம் நீண்ட நாள் மூடியிருப்பதால் சுவர்க்கோழியும் வண்டும் எலியும் தங்கி, மேலே கிடக்கும் களை விதையைப் பொறுக்கித் தின்கின்றன. நான் தேடிய இரண்டும் இங்கே சேர்ந்தே கிடைக்கின்றன: களை விதை இருப்புக் குறைகிறது, உயிர்களுக்கு இரையும் கிடைக்கிறது.

கஷ்டம் என்ன என்றால், வேலை கூடுதல். மூன்றாவது, நான்காவது பயிரை வாங்க ஆள் வேண்டும், அல்லது தீவனம் தின்ன மாடு வேண்டும். கருவியால் கொத்துவதற்குச் சரியான நாள் உண்டு: களை முளைத்து வெளியே தெரிவதற்கு முன், மண்ணைக் கிளறினால் வெள்ளை நூல்போல வேர் தெரியும் பருவம். அப்போது கிளறினால் வெயிலில் ஒரு மணி நேரத்தில் சுருண்டுவிடும். நான்கு நாள் தாண்டினால் கருவி தடவிக்கொடுத்துவிட்டுப் போகும். மழை வந்து அந்த நாள் போனால் போனதுதான். சரிவான நிலத்தில் அடிக்கடி கிளறினால் மண் கரையும். அங்கே ரை என்ற தானியம் போன்ற, மண்ணை மூடி வளரும் பயிரை வளர்த்து, பூக்கும் நேரத்தில் உருளை ஓட்டிப் படுக்கவைத்து, அந்தத் தடித்த போர்வைக்கு நடுவில் விதைப்பது நல்லது. பால்மர் அமராந்த் போன்ற சிறுவிதைக் களைகளுக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். போர்வைக்கு அடியில் அது கிடைக்காது.

மருந்தைக் கைவிட முடியாத பெரிய பண்ணைகளுக்கும் ஆஸ்திரேலிய விவசாயிகள் ஒரு வழி காட்டினார்கள். ரைகிராஸ் அறுவடை வரை விதையைக் கதிரிலேயே வைத்திருக்கும். அறுவடை இயந்திரம் அதைப் பொறுக்கி, பதரோடு வயல் முழுக்கத் தூவிவிடுகிறது. ரே ஹாரிங்டன் என்ற விவசாயி அந்தப் பதரை அரைத்து நொறுக்கும் ஆலையை வடிவமைத்தார். உள்ளே போகும் களை விதையில் 90 விழுக்காட்டுக்கு மேல் அழிகிறது. அறுவடைக்கு முன்பே உதிரும் களைக்கு இது உதவாது. இருந்தாலும் பிரச்சினை விதைதான் என்று கண்டு, விதையிலேயே கைவைத்த வழி இது. அதனால்தான் எனக்கு இதன்மேல் மதிப்பு.

அப்படியானால் என்ன முடிவு எடுப்பது

மூன்றாவது பயிருக்கு வழி இருக்கிறவர் சுழற்சிக்குப் போகட்டும். தயங்க வேண்டியதே இல்லை. அது உடனே முடியாதவர், மண் கரையும் சரிவு நிலக்காரர், ஆளே கிடைக்காத இடத்தில் இருக்கிறவர், இவர்கள் மருந்து தாங்கும் ரகத்தைப் போடுவதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே நிலத்தில் மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். அந்த ஆண்டிலும் தலைக்கு மேல் அடிக்கும் மருந்தை மட்டும் நம்பாமல், விதைத்தவுடன் மண்ணில் நின்று வேலை செய்யும் வேறொரு மருந்தையும் முழு அளவில் சேர்க்க வேண்டும். பாதி அளவு அடிப்பது தாங்கும் செடியைத் தேடிப்பிடித்து வளர்ப்பதற்குச் சமம். பயிரின் காட்டு உறவு வயலில் இருந்தால் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் தாங்காத பயிரோ பழத்தோட்டமோ இருந்தால் ஆவியாகும் மருந்துக்கான ரகம் பக்கமே போகாதீர்கள். அறுவடை இயந்திரம் வேறு வயலிலிருந்து வந்தால், உள்ளே இறங்கும் முன் கழுவிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பால்மர் அமராந்த் மாநிலம் விட்டு மாநிலம் பரவியதில் இயந்திரங்களுக்கும் தீவனத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

வரப்பையும் ஓடைக்கரையையும் மருந்தடிக்காமல் விடுங்கள். வயலுக்குள் இல்லாமல் போன பூவும் பூச்சியும் கொஞ்சமாவது அங்கே பிழைக்கும்.

மருந்தடித்துப் பதினான்காம் நாள் கட்டாயம் வயலுக்குள் நடந்து பாருங்கள். வரப்பிலிருந்து பார்த்தால் போதாது. சுற்றிலும் அதே வகைக் களை எல்லாம் காய்ந்திருக்க, நடுவில் ஒன்று மட்டும் பச்சையாக நின்றால், தெளிப்பான் அங்கே அடைத்துக்கொண்டதா என்று முதலில் பாருங்கள். அடைப்பாக இருந்தால் ஒரு நீளப் பட்டை முழுக்கத் தப்பியிருக்கும். தனியாக ஒன்று, நாலடி தள்ளி இன்னொன்று என்று நின்றால் அதுதான் தாங்கும் செடி. வேரோடு பிடுங்குங்கள். சாலுக்கு நடுவில் போட்டால் ஈரத்தில் மறுபடி வேர்விடும். பூ விட்டிருந்தால் பிடுங்கிய பிறகும் விதை முற்றும். சாக்கில் போட்டுக் கட்டி வயலுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.